அரும்பொருளகத்துக் கலப்பையும் நம் வீட்டு உளியும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

"நல்லாப் படிக்கணும்" என்பதைத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஒழுக்கத்தைப் பற்றி விழாத் தலைவர் சொல்லிவிட்டார். எனக்கு விட்டுவைத்திருப்பது கல்விச் சுற்றுலா. இந்த ஆண்டு நடுவில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை அலோர் ஸ்டார் பக்கம் அழைத்துப் போய் வந்தோம். பஸ் கூலிக்கு நீங்கள்தான் பணம் கட்டினீர்கள். அந்தப் பணத்துக்குப் பிள்ளைகள் என்ன பார்த்தார்கள் என்று கணக்குக் கொடுக்க வேண்டியது என் கடமை. வீட்டில் கேட்டிருப்பீர்கள். "சுத்துற மண்டபம் பார்த்தோம், மீ கோரேங் சாப்பிட்டோம்" என்று சொல்லியிருப்பார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

நாங்கள் போனது நெல் அரும்பொருளகம். அலோர் ஸ்டாருக்குச் சற்று வடக்கே, குனோங் கெரியாங் என்னும் சுண்ணாம்புக் குன்றுக்குப் பக்கத்தில், சுற்றிலும் வயலாக இருக்கும் இடத்தில் 2004ஆம் ஆண்டில் அதைத் திறந்தார்கள். கட்டடமே நெற்கதிர்க் கட்டுகளைச் சேர்த்து நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். மேல்மாடியில் வட்டமான சுவர் முழுவதும் கெடா மாநிலத்து வயல்வெளியை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். தீட்டியவர்கள் வடகொரியாவிலிருந்து வந்த ஓவியர்கள். நாம் உட்காரும் மேடை மெல்லச் சுற்ற, வயலும் மலையும் நம் முன்னே நகர்ந்து போகும். பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய அதிசயம். எனக்கோ கலப்பையும் கத்தியும் மரத்தொட்டியுமாக இருந்த பழைய உழவுச் சாமான்களை விட்டு நகர மனம் வரவில்லை.

முதலில் கண்ணில் பட்டது தஜாக். நீண்ட கத்தி, அலகு ஒரு பக்கமாக வளைந்து திரும்பியிருக்கும். "டீச்சர், இது சண்டை போடறதுக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். சண்டைதான், புல்லோடு சண்டை! கெடா, பெர்லிஸ் பக்கத்துச் சமவெளியில் மழைக்காலத்து நீர் வடியாமல் நின்று, சேறு ஆழமாகிவிடும். அந்தச் சேற்றில் எருமையை இறக்கினால் வயிறு வரை புதையும். அங்கே கலப்பையை வைத்து என்ன செய்வது? தஜாக்கை ஓங்கி வீசித் தண்ணீருக்கு அடியிலேயே புல்லைச் சீவிவிடுவார்கள். சீவிய புல்லைக் குவித்து அழுக விடுவார்கள். அழுகியதும் அதையே வயல் முழுவதும் பரப்புவார்கள். களை எடுத்த மாதிரியும் ஆச்சு, உரம் போட்ட மாதிரியும் ஆச்சு. எந்தக் கல்லூரியிலும் படிக்காத ஒருவர், எருமை புதையும் நிலத்தைப் பார்த்து யோசித்துக் கண்டுபிடித்த வேலை இது.

சேறு ஆழமில்லாத இடத்தில் கலப்பை. மலாயில் தெங்காலா. பெரும்பாலும் ஒற்றை எருமை பூட்டுவார்கள். முழுக்க மரம், மண்ணைக் கிழிக்கும் நுனியில் மட்டும் இரும்பு. அந்த இரும்புக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கொழு. கையில் பிடிக்கும் இடம் மேழி. நீண்ட மரம் ஏர்க்கால். நம் தாத்தாவுக்குத் தாத்தா தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று எங்கெங்கிருந்தோ கங்காணியோடு கப்பலேறி வந்தபோது, அவர்களில் பலருக்கு இந்த மூன்று சொற்களும் சோறு என்ற சொல்லைப் போலத் தெரிந்திருக்கும். இங்கே வந்து கித்தா மரத்தடியில் நின்றதும் கொழுவும் மேழியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கை வேறொரு சாமானைப் பழகியது. இரண்டு தலைமுறையில் சொல் போயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

அடுத்தது பிள்ளைகளைச் சிரிக்க வைத்த சாமான்: கூகூ காம்பிங். ஆட்டுக் குளம்பு என்று பொருள். ஒரு கைப்பிடி, அதன் நுனி ஆட்டுக் குளம்பைப் போல இரண்டாகப் பிளந்திருக்கும். நாற்றின் வேரை அந்தப் பிளவில் கவ்வ வைத்துச் சேற்றில் குத்தினால் நாற்று உள்ளே நின்றுவிடும், குளம்பு மட்டும் வெளியே வரும். தண்ணீர் ஆழமாகவோ மண் இறுகலாகவோ இருக்கும் வயலில் விரலால் நட்டால் நகம் பிய்ந்துவிடும். அதற்குத்தான் இது. ஒரு மாணவி தன் பென்சிலை இரு விரலுக்கிடையில் வைத்துக் குத்திக் குத்திப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை.

பிறகு கெத்தாம். "கெத்தாம்னா நண்டு இல்லையா டீச்சர்?" என்றார்கள். நண்டுக்கும் அதே சொல்தான். ஆனால் இது கதிர் அறுக்கும் கத்தி. சிலர் துவாய் என்பார்கள். உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் அளவுதான் இருக்கும். சிறு மரத்துண்டில் ஒரு சின்ன அலகு, பிடிக்க ஒரு குச்சி. விரலிடுக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதிராகக் கொய்ய வேண்டும். அரிவாள் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு? மலாய்க்காரப் பெரியவர்கள் நெல்லுக்கு உயிர் உண்டு, கத்தியைப் பார்த்தால் நெல் அஞ்சும், அதனால் கத்தியைக் கைக்குள் மறைத்துக்கொண்டு கொய்ய வேண்டும் என்று நம்பினார்கள். வெறும் நம்பிக்கை என்று நாம் சிரிக்க வேண்டாம். பழைய நெல் ரகங்கள் உயரமாக வளரும், காற்றில் சாயும், எல்லாக் கதிரும் ஒரே நாளில் முற்றாது. முற்றியதை மட்டும் பார்த்துக் கொய்ய அரிவாள் உதவாது. விதை நெல்லுக்கு நல்ல கதிரைப் பொறுக்கவும் இதுவே வசதி. நம்பிக்கையும் காரணமும் ஒரே கைப்பிடிக்குள் இருந்தன.

இந்தக் கத்தியைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அறுத்த கட்டைத் தூக்கி, பெரிய மரத்தொட்டிக்குள் இருக்கும் ஏணிப்படியில் அடித்து நெல்லைப் பிரித்தவர்கள் ஆண்கள். நெல் தெறித்து ஓடாமல் இருக்கத் தொட்டியைச் சுற்றிச் சாக்குத் தட்டி கட்டியிருப்பார்கள். காலால் மிதிக்கும் உலக்கையும் கையால் சுற்றித் தூற்றும் இயந்திரமும் பார்த்தோம். உலக்கையைப் பற்றி நம் பாட்டிமார்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

இனி இந்தச் சாமான்கள் எப்படிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின என்ற கதை. 1966 முதல் 1970 வரை மூடா, பெடு ஆகிய இரண்டு அணைகளைக் கட்டினார்கள். ஏறத்தாழ 96,000 ஹெக்டேர் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்தது. வானம் பார்த்து ஆண்டுக்கு ஒரு தடவை விளைந்த நிலம் 1970 தொடங்கி இரண்டு தடவை விளைந்தது. அதற்கு ஏற்ற நெல்லும் வந்தது. அதில் ஒன்றின் பெயர் மசூரி, 1965இல் வெளியிட்டார்கள். லங்காவித் தீவு மசூரியின் கதை உங்களுக்குத் தெரியும், அந்தப் பெயர்தான்.

இந்த மசூரி நெல்லைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் போக முடியாது. மாயாங் எபோஸ் என்ற நம் நாட்டு மலாய் நெல்லையும் தைவான் நாட்டு நெல் ஒன்றையும் இந்தியாவில் கட்டாக் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டி உண்டாக்கிய வம்சம் அது. இங்கே தேர்ந்தெடுத்துப் பயிரானது. பிறகு அதே வம்சம் தமிழ்நாட்டுக்குப் போய் அங்கே பொன்னி என்று பெயர் வாங்கியது. கடையில் "இந்தியாப் பொன்னி" என்று மூட்டை பார்த்து வாங்குகிறோமே, அந்தப் பொன்னிக்கு ஒரு பாட்டி இந்த மண்ணின் நெல்! பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைச் சொன்னேன். ஒரு பையன், "அப்ப பொன்னி நம்ம ஊருக்காரி டீச்சர்" என்றான்.

இரண்டு போகம் விளைந்ததும் கூலிக்கு நாற்று நடும் பெண்களுக்கும் கதிர் அறுக்கும் பெண்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு தடவை வேலை கிடைத்தது. சில ஆண்டுகள்தான். 1970களின் பிற்பாதியில் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியது. அறுப்பது, அடிப்பது, பிரிப்பது எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிந்தது. 1980 வாக்கில் அந்தச் சமவெளியில் பெரும்பகுதி இயந்திர அறுவடை. அதற்குப் பின் நாற்று நடுவதையும் விட்டுவிட்டு விதையை நேரே விசிறத் தொடங்கினார்கள். கூகூ காம்பிங் கூரையில் செருகப்பட்டது.

அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அந்த மக்சிக் எல்லாம் அப்புறம் எங்க வேலைக்குப் போனாங்க டீச்சர்?"

பெற்றோர்களே, அந்தப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவள் அம்மா கித்தாக் காட்டை வெட்டிச் செம்பனை போட்டபோது நிரை இழந்தவர். நிலம் சொந்தமாக இருந்தவருக்கு இயந்திரம் முதுகுவலியைக் குறைத்தது. கூலிக்குப் போனவருக்குச் சம்பளத்தைக் குறைத்தது. பிள்ளைகள் ஊரை விட்டு ஆலைக்கும் பட்டணத்துக்கும் போனார்கள். சாமான் மாறும்போது வேலை மாறும், வேலை மாறும்போது ஊர் மாறும். இயந்திரம் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் குனிந்து கதிர் அறுத்த முதுகை யாரும் திரும்ப வேண்ட மாட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்குக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டும் சீட்டில் பதில் எழுத இடம் கிடையாது. எந்த ஊர் அரும்பொருளகமாக இருந்தாலும் சாமானின் பெயரும் பயனும்தான் அதில் கொள்ளும்.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து பசியாறினோம். அப்போது ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் மெதுவாக, "டீச்சர், எங்க பாட்டியோட உளியும் பழசுதான். அது பின்னால தண்ணித் தொட்டிக்கிட்ட கிடக்குது" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வகுப்பில் எல்லாரையும் கேட்டேன். கித்தா உளி, பால் வாளி, காண்டாக் கம்பு, மங்கு, ஒட்டுப்பால் கூடை, இவற்றில் உங்கள் வீட்டில் எது இருக்கிறது? பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினார்கள். சரி, மரத்தில் வெட்டு எந்தப் பக்கமாகச் சரிந்து ஓடும்? இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா? ஒருவரும் வாய் திறக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள்! அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் பிறந்தபோதே இங்கே பாதிக் காடு செம்பனை.

அதனால் அந்தப் பையனின் பாட்டியை வகுப்புக்கு அழைத்தேன். "நான் என்னத்தடா சொல்றது" என்று தயங்கித்தான் வந்தார். கரும்பலகையைக் காட்டி, "இதுதான் மரம்னு வச்சுக்குங்க பாட்டி" என்றேன். சுண்ணக்கட்டியை வாங்கவில்லை. கை தானாக இடப்பக்கம் மேலே போனது, சரிந்து வலப்பக்கம் கீழே வந்து நின்றது. நாற்பது ஆண்டுக்குமேல் ஒரு நாளைக்கு 400, 500 மரம் என்று சீவிய கை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை காட்டினார். அதே சரிவு.

ஏன் அப்படி என்பதற்கு அறிவியல் காரணம் உண்டு. பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள்ளே நேராக மேலே போவதில்லை. அடியிலிருந்து மேலே போகப் போக வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து சுற்றிப் போகும். இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் அதிகம் வரும். இருட்டோடு போவதற்கும் காரணம் இருக்கிறது. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். வெட்டியதும் பால் நன்றாக வழியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்துவிடும். பெரட்டுக்கு விடியுமுன் மணி அடித்ததற்குப் பின்னால் மரத்தின் இந்தக் குணமும் இருந்தது.

இந்தச் சீவும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு மாணவர்களே. பிரேசில் காட்டில் அந்தக் காலத்தில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். கொத்தின இடமெல்லாம் காயம், முண்டு. 1877இல் 22 கித்தாக் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒரு பங்கு கோலகங்சாரில் நடப்பட்டது. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ரிட்லி என்ற ஆங்கிலேயர், மரத்தைக் கொத்த வேண்டாம், பழைய வெட்டின் ஓரத்திலேயே மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் பால் மறுபடியும் வரும், மரமும் பிழைக்கும் என்று சோதித்துக் காட்டினார். சட்டைப் பையில் விதையை வைத்துக்கொண்டு காப்பித் தோட்டத்துத் துரைமார்களிடம் "இதைப் போடுங்கள்" என்று கெஞ்சினார். அவருக்குப் "பைத்தியக்கார ரிட்லி" என்று பட்டம் வைத்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர்தான் முதலில் தோட்டமாகப் போட்டார். ரிட்லி 100 வயது வரை வாழ்ந்து 1956இல் காலமானார். பைத்தியக்காரன் என்றவர்களின் பெயர் இன்று யாருக்குத் தெரியும்?

ரிட்லியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் அவர் சொன்ன சீவலைத் தினம் தினம் எடுத்த கை யாருடையது? மரத்தையும் பட்டையையும் நடுவில் இருக்கும் மெல்லிய பச்சைத் தோலையும் நினைத்துப் பாருங்கள். அந்தத் தோலில்தான் மரம் வளர்கிறது. உளி அதில் பட்டால் மரத்துக்குக் காயம். ஆறினாலும் முண்டு விழும், மறுபடி அந்த இடத்தில் நேராகச் சீவ முடியாது. அதற்குப் பயந்து மேலாகச் சீவினால் பால் குழாய் அறுபடாது, வாளி நிறையாது, மண்டோர் ஏசுவார். தோலுக்கு வெளியே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு உளி நிற்க வேண்டும். அதையும் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு மரத்துக்குச் சில வினாடியில் செய்ய வேண்டும். சரிவு எந்தப் பக்கம் என்பதை ஆராய்ச்சி நிலையம் சொல்லிக் கொடுக்கும். இந்த ஒன்றரை மில்லிமீட்டரை யார் சொல்லிக் கொடுப்பது? பாட்டியைக் கேட்டேன். "உளி சத்தம் மாறும்மா. பட்டையில போற சத்தம் வேற, மரத்தைத் தொடப் போற சத்தம் வேற" என்றார். நான் பயிற்சிக் கல்லூரியில் மூன்று பாடநூலில் படிக்காத செய்தி அது. பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

இப்போது பேட்டரியில் ஓடும் மின் உளி கடைக்கு வந்துவிட்டது. அதிலும் ஆழத்தைக் கைதான் பார்க்க வேண்டும். செம்பனையிலும் அப்படியே. இளமரத்துக் குலையைத் தள்ளி வெட்ட நீண்ட உளி, மரம் உயர்ந்ததும் மூங்கில் கம்பின் நுனியில் அரிவாள், பிறகு மூங்கில் போய் அலுமினியக் குழாய். இன்று மோட்டாரில் வெட்டும் சந்தாஸ் வந்திருக்கிறது. நம் நாட்டுச் செம்பனை வாரியம் உருவாக்கியது. இந்த நாட்டில் முதன்முதலில் வியாபாரத்துக்கென்று செம்பனை போட்டது 1917இல், சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! பெயரைக் கேட்டாலே யார் நாக்கில் பிறந்த பெயர் என்று தெரியும். பேசும் பேச்சில் கூட நம் சாமான்கள் கலந்து கிடக்கின்றன. மங்கு என்கிறோமே, அது மலாய் மங்கோக். காண்டா என்கிறோமே, அது காண்டார். பினாங்கில் நாசி காண்டார் சாப்பிடும்போது அந்தப் பெயர் தோளில் போட்ட கம்பிலிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள். சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் அந்தக் கம்பின் இரு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் விற்றுத் திரிந்தவர்கள் தமிழ் முஸ்லிம் பெரியவர்கள்.

இப்போது தாய்மார்கள் பக்கம் திரும்புகிறேன். நான் இதைச் சொன்னபோது ஒரு தாயார் என்னிடம் நேராகவே கேட்டார்: "டீச்சர், அந்தச் சனியன் பிடிச்ச உளிய எதுக்குப் புள்ளைங்க கிட்ட காட்டறீங்க? அது பேனாவப் பிடிக்கட்டும்னுதானே நாங்க கஷ்டப்படறோம்." அந்தக் கோபம் எனக்குப் புதிதல்ல. என் அம்மாவும் மரம் சீவியவர்தான். தன் உளியைத் தொட எங்களை விட்டதே இல்லை. ஒட்டுப்பால் வாடை எங்கள் பள்ளிச் சீருடையில் ஒட்டக் கூடாது என்று தன் வேலைத்துணியைத் தனியாகத் துவைப்பார். அந்தத் தாயாருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். உங்கள் பிள்ளை உளி பிடிக்க வேண்டாம். பேனாதான் பிடிக்க வேண்டும். அதில் எனக்கும் உங்களுக்கும் ஒரே ஆசை. ஆனால் அந்தப் பேனாவால் எழுத ஒரு செய்தி வேண்டுமே. கதிர் அறுத்த கத்தியைக் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டுக் காட்டும்போது வாய் பிளந்து பார்த்த பிள்ளை, தன் வீட்டு உளியைச் சொல்லும்போது மட்டும் ஏன் மெதுவாகச் சொன்னான்? மற்றவர்கள் ஏன் சிரித்தார்கள்? அவன் பாட்டி செய்த வேலையில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவனுக்குச் சொல்லத்தான் அவரை வகுப்புக்கு அழைத்தேன். பாட்டி போன பிறகு அவன் இடைவேளைக்குக்கூட வெளியே போகவில்லை. மூன்று பேருக்கு உளி பிடிப்பது எப்படி என்று அடிமட்டத்தை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

இதில் அவசரமும் இருக்கிறது. நம் லயத்திலிருந்து இந்த ஆண்டு மட்டும் பல குடும்பங்கள் தாமான் வீட்டுக்குக் குடிபோய்விட்டன. நல்ல செய்தி, மகிழ்ச்சி. குடிபோகும்போது எதை எடுத்துப் போகிறோம்? கட்டில், அலமாரி, சாமிப் படம். வாளியும் உளியும் பழைய இரும்புக்காரன் லாரியில் ஏறுகின்றன. கிலோவுக்கு என்ன கொடுப்பான்? ஒரு பொட்டலம் சோற்றுக்குக்கூடக் காணாது. கொழு, மேழி என்ற சொற்களைப் பிள்ளைகள் ஒருவரும் அறியவில்லை என்றேனே. அது கடலைத் தாண்டி வந்ததால் போனது. நிரையும் மங்கும் ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் எந்தக் கடலையும் தாண்டவில்லை. இதே மண்ணில், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போகின்றன. இன்னும் பல ஆண்டு கழித்து இந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் எங்கேயாவது ஓர் அரும்பொருளகத்துக்குப் போவார். உளி அங்கே கண்ணாடிக்குள் இருக்கலாம். உளியின் சத்தம் மாறும் என்று எழுத அப்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நூல்நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய உளி, வாளி, காண்டாக் கம்பு, பால் வழிய மரத்தில் அடிக்கும் தகடு, சிரட்டை மங்கு, மண் மங்கு, நெற்றி விளக்கு, ஒட்டுப்பால் கூடை, புல்வெட்டுக் கத்தி, செம்பனை அரிவாள், எது இருந்தாலும் கொடுத்து அனுப்புங்கள். இனாமாகக் கேட்கவில்லை. கடனாகக் கொடுங்கள்; நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன், கேட்கும் நாளில் திருப்பிக் கொடுப்பேன். துருப்பிடித்திருந்தால் தேய்க்க வேண்டாம், அப்படியே வரட்டும். கைப்பிடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை. அலகைச் சாக்குத்துணியில் சுற்றிப் பெரியவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள், சிறு பிள்ளைகளிடம் வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதப் போவது நம் ஆறாம் ஆண்டு மாணவர்கள், தமிழிலும் மலாயிலும். சாமானின் பெயரை நம் தோட்டத்தில் வழங்கும் சொல்லாலேயே எழுதுவார்கள். அதற்குக் கீழே, இதைப் பிடித்தவர் யார், எந்தக் காட்டில், எத்தனை ஆண்டு, இந்த வேலை நின்றதும் அடுத்து என்ன வேலைக்குப் போனார் என்று நான்கு வரி. அந்த நான்கு வரியை உங்களிடம் கேட்டு எழுத மாலையில் வீட்டுக்கு வருவார்கள். "உனக்கு எதுக்கு அந்தக் கதை" என்று அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்து ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்துச் சொல்லுங்கள்.

முதல் தட்டில் பாட்டியின் உளி ஏற்கெனவே இருக்கிறது. மற்ற தட்டுகள் காலி. வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் நான் அங்கேயே இருப்பேன்.